தள்ளாட்டம் என்றொரு சொல்

சென்ற மாதம் புறநோயாளர் பிரிவுக்கு வந்த பெண்மணி ஒருவர், தம் தந்தையாரின் மருத்துவக் குறிப்பில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். 'ஸ்டாகரிங் கெயிட்' என்று நான் எழுதியிருந்தேன். அகராதியைப் பார்த்தபோது, குடித்தவர்போலத் தள்ளாடுவது என்றிருந்ததாம்.

"அப்பா மதுவைத் தொட்டதே இல்லை, டாக்டர். இப்படி எழுதலாமா?" என்று கேட்டார். தெருவில் சிலர் குடிகாரர் என்று எண்ணி நகைத்ததால், பெரியவர் வெளியே செல்வதையே நிறுத்திவிட்டார் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

'ஸ்டாகர்' என்னும் ஆங்கிலச் சொல், பழைய நார்ஸ் மொழியில் 'தள்ளுதல்' எனப் பொருள்படும் 'ஸ்டாகா' என்னும் வினையோடு தொடர்புடையது. தள்ளப்பட்டவர் நிலைகுலைவதே அதன் உட்கருத்து. நம் 'தள்ளாடுதல்' என்னும் சொல்லிலும் 'தள்ளு' ஒலிக்கிறது அன்றோ! பின்னாளில் அது, வியப்பால் திகைத்துப்போவதையும், பணி நேரங்களை ஒன்றோடொன்று மோதாமல் மாற்றி அமைப்பதையும் குறிக்கலாயிற்று. குதிரை, மாடு ஆகியவற்றின் நடையைக் குலைக்கும் சில நோய்களுக்கும் அச்சொல்லையொட்டிய பெயர் உண்டு. அதன் வேரில் மது இல்லை.

ஆயினும் குடித்தவரின் நடை ஏன் நினைவுக்கு வருகிறது? உடலின் சமநிலையை ஒழுங்குபடுத்துவது சிறுமூளை. மது அதனைத் தற்காலிகமாகத் தடுமாறச் செய்கிறது. பக்கவாதம், கட்டி, சில மருந்துகளின் மிகை அளவு ஆகியவையும் அதே பகுதியைப் பாதிக்கக்கூடும். பாதிக்கப்படும் இடம் ஒன்று, காரணங்கள் வேறு. இந்நிலைக்கு மருத்துவம் வழங்கும் பெயர் 'அடாக்சியா'. கிரேக்கத்தில் அதற்கு 'ஒழுங்கின்மை' என்பதே பொருள். அது ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று.

பெரியவருக்குக் குருதிப் பரிசோதனை செய்ததில், வலிப்புக்காக உட்கொண்டுவந்த ஃபெனிடாயின் மருந்தின் அளவு மிகுந்திருந்தது தெரியவந்தது. அளவைக் குறைத்தபின் நடை சீராகி வருகிறது. இத்தகைய மருந்துகளை ஒருபோதும் தாமாக நிறுத்துதல் கூடாது. வலிப்பு மீண்டும் வரக்கூடும்.

மருத்துவரிடம் 'மயக்கம்' என்று மட்டும் கூறாதீர்கள். தலை சுற்றுகிறதா, கண் இருண்டு விழப்போவதுபோல் உள்ளதா, தலை தெளிவாயிருந்தும் கால்கள் தடுமாறுகின்றனவா என்று பிரித்துச் சொல்லுங்கள். முகம் கழுவக் கண்களை மூடும்போதும் இருட்டிலும் தடுமாற்றம் மிகுந்தால் அதனையும் சொல்லுங்கள். கால் நரம்புகளையோ தண்டுவடத்தையோ சோதிக்க வேண்டியிருக்கலாம். வைட்டமின் பி12 குறைபாடும் அதற்கு ஒரு காரணம். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.

தள்ளாட்டம் திடீரெனத் தொடங்கினாலோ, அதனுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கடுந்தலைவலி, முகக்கோணல் தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

அப்பெண்மணியிடம் வருத்தம் தெரிவித்தேன். குறிப்பில் இப்போது 'நடையில் சமநிலைக் குறைவு. காரணம், மருந்தின் மிகை அளவு' என்று எழுதியுள்ளேன். பெரியவர் கைத்தடியுடன் மாலையில் மீண்டும் தெருவில் நடக்கிறார்.