வீட்டுப் பட்டறையில் வளைகிறது விமானம்

அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையிலேயே விமானம் கட்டுகிறவர்கள் உண்டு. வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ தாங்களே செய்ததாகக் காட்டினால், சோதனை ரகம் என்ற பிரிவில் அரசு சான்றிதழ் தருகிறது. இவர்களில் மரவேலைப் பித்து உள்ளவர்களைச் சுண்டி இழுக்கும் விமானம் ஃபால்கோ. இத்தாலியரான ஸ்டெலியோ ஃப்ராட்டி வடிவமைத்த இது, 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. மூக்கிலிருந்து வால் வரை வளைவுதான்.

நான்கு சட்டங்களை நிறுத்தி, பக்கத்துக்கு ஒரு பிளைவுட் அடித்தாலும் உடல் கிடைக்கும். பல விமானங்கள் அப்படித்தான் பறக்கின்றன. ஆனால் மெல்லிய தட்டைப் பலகை, அழுத்தம் ஏறினால் உப்பி மடங்கிவிடும். அதையே வளைத்தால் விறைத்து நிற்கும். வெளித்தோலே பாரம் சுமக்கும். பிரான்சின் லூயி பெஷெரோ இதை 1912-லேயே செய்துகாட்டினார். அச்சின் மேல் மெல்லிய மரப் பட்டைகளை மூன்று அடுக்காக, நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்படி ஒட்டி, அவர் உருவாக்கிய டெபெர்டுசின் விமானம், மறு ஆண்டே மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டியது.

சிக்கல் எங்கே வருகிறது? பிளைவுட் ஒரு திசையில்தான் இணங்கி வளையும். குடத்தின் வயிற்றில் காகிதம் ஒட்டிப் பாருங்கள்: நீளவாக்கில் படியவைத்தால் குறுக்கே மடிப்பு விழும். ஆகவே இரு திசையிலும் வளையும் இடங்களில் தோலைக் குறுகிய பட்டைகளாக்கிச் சாய்வாக ஒட்டுகிறார்கள். அல்லது மெல்லிய பலகையை வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் இறுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே பசை தடவுகிறார்கள்.

உள்ளே இருக்கும் வளையச் சட்டங்களின் கதை வேறு. தடித்த மரத்தை அப்படியே வளைத்தால் வெடிக்கும், அல்லது திமிறி நிமிரும். அதற்குப் பதில் ஸ்ப்ரூஸ் மரத்தை மெல்லிய கீற்றுகளாக அறுத்து, பசை தடவி, அச்சில் அடுக்கி இறுக்குகிறார்கள். பசை ஈரமாக இருக்கும்வரை கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைவுக்கு இடம் கொடுக்கும். இறுகியதும் அந்த வழுக்கல் நின்றுபோகும்; வளைவு நிலைத்துவிடும். கீற்று எவ்வளவு மெலிதோ அவ்வளவு குறைவாகத் திமிறும்.

எனக்கு மிகவும் பிடித்தது பலகையோடு பலகை சேரும் இடம். விளிம்பைத் தடிமனைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும், 2 மி.மீ. பலகைக்கு 24 மி.மீ. சரிவு. இழைத்த முகத்தில் பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகளாகத் தெரியும். கோடுகள் நேராக ஓடினால் சரிவு சீர். நெளிந்தால் மறுபடி இழைக்க வேண்டியதுதான். அளவுகோலே வேண்டாம், மரமே சொல்லிவிடும்.

ஒட்டில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற மர விமானமான மொஸ்கிட்டோக்கள் சில, 1944-ல் இங்கே வானிலேயே உடைந்தன. இறக்கைத் தோல் சட்டத்தோடு சேரும் இடங்களில் ஒட்டு சரியாகப் பிடிக்காததை விசாரணை கண்டுபிடித்தது.

எனவே கட்டத் துணிந்தால், ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு துண்டு மரத்தைத் தனியே ஒட்டிவையுங்கள். இறுகியதும் உடைத்துப் பாருங்கள். மரம் பிளக்க வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால், அந்தக் கலவையில் ஒட்டிய எதையும் விமானத்தில் வைக்காதீர்கள்.