ஒரே அறிவிப்பு, நான்கு வாசல்

நமது உறுப்பினர்களில் சிலர் சலுகை விலை அறிவிப்பைப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், வாட்ஸ்அப் ஆகிய நான்கிற்கும் ஒரே மென்பொருள் மூலம் அனுப்புகின்றனர். ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். ஆனால் போய்ச் சேரும்போது நான்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் வெளியார் மென்பொருள் உள்ளே வருவதற்கென ஒரு வாசல் வைத்துள்ளது. ஏ.பி.ஐ. என்பது அதன் பெயர். கிடங்குக்குக் கிடங்கு சரக்கு இறக்கும் விதி மாறுவதுபோல் இந்த வாசல்களுக்கும் விதி வேறு வேறு.

எக்ஸ் தளத்தில் சாதாரணக் கணக்குக்கு 280 எழுத்துகளே அனுமதி. தமிழுக்கு அதிலும் நெருக்கடி. மெய்யெழுத்தின் புள்ளியும், கொம்பு, விசிறி போன்ற குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். 'பருப்பு' நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7. இன்ஸ்டாகிராம் 2,200 வரை இடம் தரும். ஆனால் படமோ காணொளியோ இல்லாத பதிவை ஏற்காது. வாட்ஸ்அப் ஏ.பி.ஐ. வழியே அனுப்பினால், வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பி 24 மணி நேரம் கடந்தபின் முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வாசகம் மட்டுமே போகும். (கைப்பேசியில் வணிகச் செயலியை வைத்திருப்போருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.)

நீளம் மிஞ்சினால் சில மென்பொருள்கள் அனுப்ப மறுக்கும். சில வாலை வெட்டிவிட்டு அனுப்பும். நாம் கடைசி வரியில்தானே "ஒருவருக்கு 2 கிலோ மட்டும், ஞாயிறு வரை" என்று போடுகிறோம்! அந்த வரி போய்விட்டால், திங்கட்கிழமை கைப்பேசியை நீட்டி 10 கிலோ துவரம்பருப்பு கேட்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அறிவிப்பு நம் கடைப் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே விலை, அளவு, கடைசி நாள், நிபந்தனை ஆகியவற்றை முதல் இரண்டு வரிகளில் அடக்கி, படத்திலும் சேர்த்துவிடுவதே உத்தமம். பண்டிகை வாழ்த்து பின்னால் வரட்டும், வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை.

திருத்தம் இதைவிடச் சிக்கல். விலை ஏறிவிட்டால் பேஸ்புக் பக்கத்தில் மென்பொருளிலிருந்தே மாற்றலாம். இன்ஸ்டாகிராமின் ஏ.பி.ஐ. வாசகத்தைத் திருத்த விடாது. செயலியைத் திறந்து கையால் மாற்றவேண்டும். எக்ஸில் கட்டணம் செலுத்தாதவர் அழித்துவிட்டு மறுபடி இடவேண்டியதுதான். ஒரு பொத்தானில் நான்கும் மாறிவிட்டதென்று நம்பிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால், ஒரு கடைக்கு மூன்று விலை ஆகிவிடும்.

வாசல் அடைபடுவதும் உண்டு. பேஸ்புக் குழுக்களில் வெளி மென்பொருள் மூலம் பதிவிடும் வசதியை மெட்டா நிறுவனம் 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டுமுன், எந்தெந்தத் தளத்தில் அனுப்புதல், திருத்துதல், அழித்தல் மூன்றும் நடக்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும். 'எல்லாம் வரும்' என்று மழுப்பினால், மாதிரி அறிவிப்பு ஒன்றை நம் எதிரிலேயே இட்டு, திருத்தி, அழித்துக் காட்டச் சொல்லலாம்.