குமிழியும் மூச்சும்: குழந்தை மருத்துவத் தொழினுட்பம் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத் தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மேதை, ஒரு பொறி, காப்பாற்றப்பட்ட உயிர்கள் என்ற அளவில் கதை முடிந்துவிடுகின்றது. அப்பொறி எத்தகைய சமூக உறவுகளுக்கிடையே இயங்குகின்றது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. நியூமோனியாவுற்ற குழந்தைகளுக்கெனப் பங்களாதேஷில் அமைக்கப்பட்ட குமிழிச் சுவாசக் கருவியை நாம் அவ்வினாவோடு அணுக விரும்புகின்றோம்.

நியூமோனியாவின்போது நுரையீரலின் சிற்றறைகளில் நீரும் சீழும் தேங்குகின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக் குழந்தை களைத்துவிடுகின்றது. மூச்சுவழியில் ஓர் அமுக்கம் இடையறாது நின்றால் அச்சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளா. இத்தத்துவத்தைக் குறைமாதச் சிசுக்களின் சிகிச்சையில் ஜோர்ஜ் கிரெகரி என்பார் 1971 இல் நிலைநாட்டினார். அமுக்கத்தை உண்டாக்க நுண்பொறி எதுவும் வேண்டியதில்லை. ஒட்சிசன் மூக்கின் வழியே செல்ல, வெளிமூச்சுக் குழாயின் முனை நீரில் அமிழ்ந்திருந்தால் போதும். அமிழ்ந்த ஆழம் 5 சென்ரிமீற்றராயின் நீரின் அவ்வளவு அமுக்கம் குழந்தையின் மூச்சுவழியில் நிற்கும்.

1996 இல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராயிருந்த மொஹமட் ஜோபயர் சிஸ்தி, ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நியூமோனியாவால் இறக்கக் கண்டவர். பின்னர் மெல்பேர்னில் குறைமாதச் சிசுக்களுக்குப் பயன்பட்ட குமிழிக் கருவியைக் கண்ட அவர், டாக்காவில் வெற்றுச் ஷாம்பூப் போத்தலொன்றைக் கொண்டு அதனை அமைத்தார். 2011 முதல் 2013 வரை 225 குழந்தைகளிடையே நடந்த பரிசோதனையின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. வழமையான குறைவேக ஒட்சிசன் பெற்ற 67 குழந்தைகளுள் 10 பேர் இறந்தனர். குமிழிக் கருவி பெற்ற 79 பேருள் இறந்தோர் மூவரே. குறைவேக ஒட்சிசன் பெற்றோரிடையே இறப்பு மிகுந்தமையால் பரிசோதனை இடைநிறுத்தப்பட்டது. பல்லாயிரம் டொலர் பெறும் இயந்திரமே நவீன மருத்துவம் என்ற மயக்கத்தை இப்போத்தல் நன்றாகவே உடைத்தது எனலாம்.

ஆயின் மலாவியின் அனுபவம் வேறு. அங்கு ஒரு மாவட்ட வைத்தியசாலையில் 644 குழந்தைகளிடையே நிகழ்ந்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. குமிழிமுறைச் சிகிச்சை பெற்றோருள் 17 வீதத்தினரும், குறைவேக ஒட்சிசன் பெற்றோருள் 11 வீதத்தினரும் இறந்தனர். எச்.ஐ.வி. தொற்று, கடும் போசாக்கின்மை, ஒட்சிசன் குறைவு ஆகியவற்றுள் ஒன்றேனும் உடைய குழந்தைகள் அவர்கள். ஆய்வு நடந்த விடுதியிலோ நாள்தோறும் மருத்துவரின் மேற்பார்வை இருக்கவில்லை. டாக்காவில் மருத்துவரும் பயிற்சி பெற்ற தாதியரும் அருகிலிருந்தனர். நிலை மோசமாயின் தீவிர சிகிச்சைக்கும் வழியிருந்தது.

நீரின் பௌதிகம் இரு நாடுகளிலும் ஒன்றே. இலக்கியத்தில் வடிவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்துப் போற்றுவாரோடு நாம் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளோம். கருவியை மட்டும் பிரித்தெடுத்து ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவான தீர்வென விதந்துரைப்போரும் ஏறத்தாழ அவர்களின் தவறையே செய்கின்றனர். போத்தல் மலிவானது. ஆனால் குழந்தையின் மூக்கிலிருந்து குழாய் நழுவுவதையும், வயிறு காற்றால் ஊதுவதையும், மூச்சு தளர்வதையும் இரவு முழுதும் கண்டுகொண்டிருக்கும் தாதியின் உழைப்பு அப்போத்தலின் விலையில் சேர்க்கப்படவில்லை. அவ்வுழைப்புக்கு ஊதியம் வழங்க வேண்டியது அரசின் சுகாதாரச் செலவு. கடன் நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று.