கம்பியில்லாப் பாட்டுக்குள் ஒரு கடிகாரம்

ஆப்பிள் நிறுவனம் 2004 ஜூனில் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்றொரு சின்ன வெள்ளைப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. கைக்குள் அடங்கும் அளவு. சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் நேராகவே செருகிவிடலாம். இயர்போன் மாட்டுவது போன்ற ஒரு துளை அதில் உண்டு. அதிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு கேபிளை இழுத்துவிட்டால், மாடியறைக் கணினியில் இருக்கும் பாட்டு கீழே கூடத்து ஸ்பீக்கரில் ஒலிக்கும். கணினிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே வைஃபை மட்டும்தான். இதே வேலையைச் செய்த ஸ்க்வீஸ்பாக்ஸ் போன்ற கருவிகள் அதற்குச் சற்று முன்பே வந்திருந்தன. இன்றோ இது யாரும் நின்று கவனிக்காத விஷயமாகிவிட்டது.

பாட்டைக் காற்றில் அனுப்புவதில் என்ன அதிசயம், வானொலி அதைத்தானே நூறு ஆண்டுகளாகச் செய்கிறது என்று கேட்கலாம். வானொலி நிலையத்தில் பாடகர் வாய் திறந்ததும் ஒலிபரப்பு அலையின் வடிவம் மாறுகிறது. ரேடியோப் பெட்டி அந்த மாற்றத்தை அப்படியே பின்தொடர்கிறது. எதை எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கேள்வியே அதற்கு எழுவதில்லை. கணினி அனுப்பும் விதம் வேறு. அது பாட்டை எண்களாக்கி, எண்களைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து, அலைவரிசையில் இடம் கிடைக்கும்போதெல்லாம் அனுப்புகிறது. கட்டுகள் முன்னே பின்னே வரும். சில வராமலே போகும். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தாலும் அவை இன்னும் இசை ஆகிவிடவில்லை. ஒவ்வோர் எண்ணும் எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை மறுமுனையில் புதிதாக நிர்ணயிக்க வேண்டும். வந்து சேர்ந்த எண்களுக்குக் காலத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் கடினமான பகுதி. எனக்கு மிக அழகாகத் தோன்றும் பகுதியும் அதுதான்.

முதலில் எண்களைப் பார்ப்போம். சிடி தரத்தில் ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என இரண்டு தடங்கள். ஆக நொடிக்கு 14,11,200 பிட். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதை முழுதாகப் பிடிக்க அதன் இரு மடங்குக்கும் அதிகமான தடவை அளக்க வேண்டும் என்கிறது கணிதம். ஆனால் சரியாக 44,100 எதற்கு? சிடி உருவான காலத்தில் இத்தனை எண்களையும் பதிந்துவைக்கக் கைக்கெட்டிய ஊடகம் வீடியோ டேப். படத்தின் ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், ஒரு தடவைக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 தடவை. பெருக்கினால் 44,100. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 294 கோடுகள், நொடிக்கு 50 தடவை. பெருக்கினால் அதே 44,100! இன்று நம் வீட்டுக் காற்றில் பறக்கும் பாட்டிலும் அந்தப் பழைய வீடியோ டேப்பின் கணக்கு இருக்கிறது.

2003இல் வந்த வைஃபை வகை நொடிக்கு 5.4 கோடி பிட் வரை சுமக்கும். நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைக்காது என்றாலும் பாட்டுக்கு அது தாராளம். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அது சுவரிலும் பீரோவிலும் ஃபிரிஜ்ஜிலும் பட்டுத் தெறித்து, ஒரே செய்தியின் பல பிரதிகளாக வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். பிட்டுகளை வேகமாக அனுப்ப அனுப்ப, முந்தைய பிட்டின் எதிரொலி அடுத்த பிட்டைக் குழப்பும். இதற்குக் கண்ட வழி, ஒரே வேகமான ஓட்டத்தை 48 மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, அருகருகே உள்ள அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் அனுப்புவது. ஒவ்வொரு குறிக்கும் 4 மைக்ரோ விநாடி கிடைக்கிறது. அதில் 0.8 மைக்ரோ விநாடி எதிரொலிகள் அடங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதற்குள் ரேடியோ அலை 240 மீட்டர் போய்விடும். எந்த வீட்டுக்குள்ளும் எதிரொலி அத்தனை தூரம் சுற்றி வரப்போவதில்லை.

இந்தப் பாதையை வகுத்தவர்களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவனின் குழுவும் உண்டு. ஓ'சல்லிவன் அடிப்படையில் ரேடியோ வானியல் ஆள். மிகச் சிறிய கருந்துளைகள் வெடித்து மறையும் என்ற ஸ்டீபன் ஹாக்கிங்கின் கருத்தைப் பின்பற்றி, அப்படி வெடித்தால் எழக்கூடிய ரேடியோத் துடிப்புகளை 1970களில் தேடியவர். துடிப்பு எதுவும் அகப்படவில்லை. விண்வெளியைக் கடந்து வரும்போது கலங்கிப்போகும் அலையைத் தெளிவாக்க அந்தத் துறையில் கைக்கொண்ட கணிதம், அறைக்குள் கலங்கும் அலைக்கும் பின்னாளில் உதவியது. அக்குழுவின் முறைக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இனி கட்டுகளுக்கு வருவோம். 2010இல் ஏர்பிளே என்று பெயர் மாறிய ஆப்பிளின் முறையில், ஒரு கட்டுக்குள் 352 அளவுகள், அதாவது 8 மில்லி விநாடி இசை. நொடிக்குச் சுமார் 125 கட்டுகள் போகும். பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கிடும், அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும் மைக்ரோவேவ் அடுப்பு கட்டுகளைக் கெடுக்கும். கெட்டதை மீண்டும் கேட்டு வாங்க நேரம் வேண்டும். செவியோ ஒரு கணம்கூடக் காத்திருக்காது. ஆகவே ஸ்டீரியோப் பக்கத்துப் பெட்டி, வந்த கட்டுகளை உடனே ஒலிக்காமல் சேமித்துக்கொள்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போலத்தான்: குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும் வீட்டுக்குள் ஒழுக்கு ஒரே சீராக இருக்கும். ஏர்பிளேயின் தொட்டியில் கொள்வது 2 நொடி இசை. பாட்டைத் தட்டியதும் சற்றே மௌனம் நிலவுவது இதனால்தான். கணினியில் படம் பார்த்துக்கொண்டே ஸ்டீரியோவில் ஒலி கேட்கும்போது, காட்சியையும் அதே 2 நொடி தாமதிக்காவிட்டால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கமாகிவிடும்.

தொட்டி இருந்தும் ஒரு சிக்கல் தீர்வதில்லை. கணினிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதன் நொடியை அளக்கிறது. ஸ்டீரியோவோடு இணைந்த பெட்டியில் வேறொரு படிகம். இரண்டு படிகங்கள் துல்லியமாக ஒன்றுபோல் அதிர்வதே இல்லை. சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வேறுபாடு வெகு இயல்பு. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வேறுபாடு நொடிக்கு இரண்டு அளவுகளுக்குச் சமம். மூன்று மணி நேரக் கச்சேரியில் அரை நொடி. நாள் முழுக்கப் பாட்டு ஓடினால் 4 நொடிக்கும் மேல். கணினி சற்று வேகமென்றால் தொட்டி வழியும். சற்று மெதுவென்றால் வற்றும். பாட்டு நடுவில் அறுந்துபோகும். கூடத்தில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் இன்னொன்று என்றால் நிலைமை மேலும் மோசம்: பத்தே நிமிடத்தில் 30 மில்லி விநாடி விலகி, ஒரே குரல் இரண்டாகப் பிரியத் தொடங்கும்.

ஆகவே இரண்டு பெட்டிகளும் இசைக்கு நடுவே ஒன்றையொன்று மணி கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், பதில் வந்த நேரம் என்ற நான்கையும் வைத்து, வழியில் கழிந்ததைக் கழித்து, மற்றதன் கடிகாரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணிக்கின்றன. இணையக் கணினிகளுக்காக அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1980களில் வகுத்த நேர ஒழுங்கு முறையின் சாரம் இது. ஒவ்வொரு கட்டின் மேலும் அது ஒலிக்க வேண்டிய கணம் எழுதப்பட்டு வருகிறது. ஸ்டீரியோப் பெட்டி பிந்திவிட்டால் ஒரே ஓர் அளவை விட்டுவிடும். முந்திவிட்டால் ஓர் அளவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். 44,100இல் ஒன்றோ இரண்டோ மாறுவதைச் செவி உணராது. ஷேர்போர்ட் சிங்க் என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான். நாம் பாட்டில் லயித்திருக்கும்போது, பாட்டின் காலப்பிரமாணம் நொடிதோறும் இழுத்துப் பிடிக்கப்படுகிறது.

இத்தனை கெடுபிடி வேண்டுமா என்றால், நம் காதுகளைத்தான் கேட்க வேண்டும். ஒலி வரும் திசையை அறிய, அது இரண்டு காதுகளையும் எட்டும் நேர வேறுபாட்டை மூளை கவனிக்கிறது. அந்த வேறுபாடு அதிகபட்சமே முக்கால் மில்லி விநாடிக்குள்தான். அதிலும் 10 மைக்ரோ விநாடி அளவு மாற்றத்தைப் பயிற்சி பெற்ற செவி பிரித்தறியும். அறை வேறு அறை வேறு என்றால் சில மில்லி விநாடி தவறினாலும் பாதகமில்லை. ஒலி ஒரு மீட்டர் நடக்கவே 3 மில்லி விநாடி ஆகிறதே. ஒரே ஸ்டீரியோவின் இடது, வலது ஸ்பீக்கர்கள் தனித்தனியே கம்பியின்றி இயங்கும்போதுதான் சோதனை. நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

இரண்டு கருவிகளை ஒரே தாளத்தில் ஓட்டும் ஆசை கணினியைவிடப் பழையது. 1920களில் பாரிஸில் இருந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்ல், காகிதச் சுருள்களால் தானாக இயங்கும் 16 பியானோக்கள் ஒருசேர வாசிக்க 'பாலே மெக்கானிக்' என்ற படைப்பை எழுதினார். அத்தனை பியானோக்களை ஒத்திசைக்க அன்று வழியில்லை. அவரும் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் சேர்ந்து 1942இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள்: கப்பலிலும் டார்பிடோவிலும் ஒரே மாதிரியான சுருள்கள் ஒருசேர ஓட, அவற்றுக்கிடையிலான ரேடியோத் தொடர்பு 88 அதிர்வெண்களில் மாறி மாறித் தாவும், எதிரியால் குறுக்கிட முடியாது. பியானோவின் கட்டைகளும் 88. இதே கருத்து வேறு பொறியாளர்களின் கைகளிலும் வளர்ந்து, இன்று புளூடூத்தில் 79 தடங்களிடையே நொடிக்கு 1,600 தாவல்களாக நடக்கிறது. ஆந்தெய்லின் 16 பியானோக்கள் கணினியின் துணையோடு 1999இல் மாசசூசெட்ஸில் ஒருசேர வாசித்தன.

புளூடூத் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக அது இசையைச் சுருக்கி, கொஞ்சத்தை உதிர்த்துவிட்டுத்தான் அனுப்பும். நடந்துகொண்டே கேட்க அது போதும். உட்கார்ந்து கேட்கும் ஸ்டீரியோவுக்கு, ஒரு பிட்டும் குறையாமல் கொண்டுவரும் வைஃபைதான் என் தேர்வு.

புது ஸ்டீரியோ வாங்க வேண்டியதும் இல்லை. ஏர்போர்ட் எக்ஸ்பிரஸுக்குள் பூட்டிவைத்திருந்த மறைகுறிச் சாவியை 2011இல் ஒரு நிரலாளர் வெளிக்கொண்டு வந்தபின், ராஸ்பெர்ரி பை போன்ற மலிவான சிறு கணினியே அந்த வேலையைச் செய்கிறது. எண்களை மின்னழுத்தமாக்கும் ஒரு சிறு பலகையை அதில் பொருத்தி, சிவப்பு வெள்ளைக் கேபிளைச் செருகினால் போதும். நாற்பது ஆண்டுப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கட்டுகளும் தெரியாது, கடிகாரங்களும் தெரியாது. அதன் முதுகிலுள்ள ஆக்ஸ் துளைக்கு வேண்டியது, ஏறி இறங்கும் சுமார் 2 வோல்ட் மின்னழுத்தம் மட்டுமே.