கனவு விருந்துக்கு யாரை அழைப்பீர்கள்? அம்மா சொன்ன பதில்!

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் உங்கள் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். இருப்பவர், மறைந்தவர், பிரபலம், சொந்தக்காரர்... கூப்பிட்டால் கட்டாயம் வருவார். யாரைக் கூப்பிடுவீர்கள்?

பொழுதுபோக்குக் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால், அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் தன் குழுவினருடன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு இடம் உண்டு. முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்து, 36 கேள்விகளை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாதாரணமாக அரட்டை அடித்தவர்களைவிட இவர்களிடம் அதிக நெருக்கம் உண்டானது. அந்த 36-ல் முதல் கேள்வியே, 'விருந்துக்கு யாரை அழைக்க ஆசை?' என்பதுதான்.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு இரவு கரன்ட் போன நேரத்தில் எங்கள் வீட்டில் இதைக் கேட்டுப் பார்த்தேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், "தோனி!" என்றான். அப்பா, "காமராஜர்" என்றார். மனைவி, பத்து வருடமாகப் பார்க்காத கல்லூரித் தோழியைச் சொன்னார்.

பெயரில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "வந்தா என்ன கேப்பீங்க?" என்ற அடுத்த கேள்வியில்தான் மனசு வெளியே வந்தது.

"மேட்ச் தோத்த அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குவீங்கன்னு கேப்பேன்" என்றான் மகன். சிக்ஸர் பற்றிக் கேட்பான் என்று நினைத்திருந்தேன். கணக்கில் மார்க் குறைந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவருக்கு ஒரு வாய் சோறு போடணும்" என்றார் அப்பா. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் அப்பாவும் ஒருவர்.

மனைவியிடம், "தோழியோட நம்பர் இல்லையா?" என்றேன். "இருக்கு. கூப்பிடத்தான் இல்ல."

கடைசியாக அம்மா. "எத்தனை பேர் வர்றாங்க? மாவு பத்தாதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். விடாமல் கேட்டதும் சொன்னார்: "யார் வேணா வரட்டும்ப்பா. நான் ஒரு நாள் எல்லாரோடயும் உக்காந்து, சூடா சாப்பிடணும். வேற யாராவது பரிமாறட்டும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1979-ல் முடித்த 'தி டின்னர் பார்ட்டி' எனக்கு நினைவுக்கு வந்தது. பெரிய முக்கோண மேஜை. அதில் வரலாற்றிலும் புராணத்திலும் வரும் 39 பெண்களுக்கு ஆளுக்கொரு இடம். விருந்து என்றாலே அடுப்படியில் நிற்பவர்கள் என்று ஆகிப்போன பெண்களுக்கு, விருந்தாளியின் இடத்தைக் கொடுத்த படைப்பு அது. இன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மா அதைப் பார்த்ததில்லை. ஆனால், அவர் கேட்டதும் அதே இடத்தைத்தான்.

நாம் அழைக்க நினைக்கும் விருந்தாளி, நம் வாழ்க்கையில் எது குறைகிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார். அந்தக் குறையைத் தீர்க்கப் பல நேரம் தோனி வரவேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களே போதும்.

நீங்களும் விளையாடிப் பாருங்கள். மூன்றே கேள்விகள்: யாரை அழைப்பீர்கள்? அவரிடம் என்ன கேட்பீர்கள்? அன்று யார் பரிமாறுவது? மூன்றாவதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த ஞாயிறு நானும் மகனும் தோசை ஊற்றினோம். அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாவது தோசைக்கே, "கல்லு இன்னும் காயல, தள்ளு" என்று எழுந்து வரப் பார்த்தார்.

பிடித்து உட்கார வைத்துவிட்டோம். தோசை கொஞ்சம் கருகல்தான். ஆனால், சூடாகச் சாப்பிட்டார்!