ரோஸ்வுட் என்றால் எந்த மரம்?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சாமி மேடை வாங்கப் போகிறீர்கள். "இது ரோஸ்வுட்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த ரோஸ்வுட் என்று தயங்காமல் கேளுங்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மரங்களும் அந்தப் பெயரில் விலைபோகின்றன.

பெயருக்கு முழு உரிமை உள்ளது ஈட்டி மரம். தோதகத்தி, நூக்கு என்றும் சொல்வார்கள், இந்தோனேசியாவில் சோனோகெலிங். ஊதா கலந்த கருவரிகள் ஓடும் வைரம், கன மீட்டருக்கு ஏறக்குறைய 850 கிலோ கனம். உள்ளே சுண்ணாம்புப் படிவு இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஆனாலும் நுணுக்கமான செதுக்கு வேலை அதில் அப்படி நிற்கும். கித்தாரின் விரல்பலகைக்கும் இதுதான் பேர்போனது. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அடுத்தது அங்சானா. கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் மஞ்சள் பூவை உதிர்த்துத் தரையை மூடுகிறதே, அதே மரம்தான். நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். வெளிநாட்டுச் சந்தையில் இதற்கும் ரோஸ்வுட் என்று பெயர் உண்டு. ஈட்டியைவிட இலேசானது, இழைக்கச் சுலபம், மெருகும் நன்றாக ஏறும். இதன் சீவலைக் கண்ணாடித் தம்ளர் நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள்: தண்ணீர் ஓரத்தில் நீலமாக மினுங்கும். வேறு சில மரங்களும் இப்படி மினுங்கும் என்றாலும், வேங்கை இனமா என்று சந்தேகப்பட இது நல்ல தடயம்.

மூன்றாவது ரெங்காஸ், 'போர்னியோ ரோஸ்வுட்'. கருவரி ஓடும் அடர்சிவப்பு. அழகில் எதற்கும் குறையாது. ஆனால் இது மா, முந்திரி குடும்பம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்; சரியாக உலராத பலகையின் தூள்கூட அரிப்பைக் கொடுக்கும். இழைக்கும் தச்சருக்குப் பெயர் தெரியாமல் இந்தப் பலகையைக் கொடுப்பது பெரிய தவறு.

சாயம் பூசிய ரப்பர் மரத்தையும் இந்தப் பெயரில் தள்ளிவிட முடியும். ரப்பர் மரம் மட்டமானதல்ல, நல்ல மேசை நாற்காலி ஆகும். ஈட்டியின் விலைதான் அதற்குக் கூடாது. இழுப்பறையை வெளியே எடுத்து, சாயம் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே ஓடும் வரி பலகையின் ஓரத்திலும் தொடர வேண்டும். தொடராவிட்டால் மேலே ஒட்டியிருப்பது மெல்லிய ஏடு. பிறகு, ரசீதில் 'ரோஸ்வுட்' என்பதோடு மரத்தின் சொந்தப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.