அழுகைக்கு நான்கு காரணங்கள்

எந்தத் துயரத்துக்கும் கல்லூரி மாணவர்கள் 'மூட் அவுட்' என்று ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் உதவ வழி பிறக்கும்.

இரவு ஒன்பது மணி. ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மாணவன் அம்மாவிடம் போனில் பேசுகிறான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பாடு?"

"தோசை."

"நல்லா படிக்கிறியா?"

"படிக்கிறேம்மா."

"சரிப்பா, உடம்பைப் பார்த்துக்க. வச்சிடவா?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அவன் மெஸ் பக்கமே போகவில்லை. மதியம் வகுப்பில் நடந்ததை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அறைக்குத் திரும்பியதும் நண்பன் கேட்கிறான்: "ஏன்டா ஒரு மாதிரி இருக்க?" "மூட் அவுட்டுடா, விடு." அவனும் விட்டுவிடுகிறான்.

தமிழ்நாட்டின் எந்த விடுதியிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இன்டர்னல் மார்க் குறைந்தாலும் மூட் அவுட். காதல் முறிந்தாலும் அதேதான். அப்பாவுக்கு வேலை போய்விட்டாலும் அதேதான். கொஞ்சம் கூடுதலாக வலித்தால் 'டிப்ரஷன்'. பெயர் ஒன்றாகிவிட்டதால் ஆறுதலும் ஒன்றாகிவிட்டது: "ஃப்ரீயா விடு மச்சி."

உணர்ச்சிகளைப் பிரித்துப் பெயரிடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. அதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று அது கணக்குச் சொல்கிறது. அழுகை பிறக்கும் நான்கு இடங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இது செய்யுளுக்கான இலக்கணம். மருத்துவ நூல் அல்ல. ஆனாலும் இந்த நான்கு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய விடுதி அறையின் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவன் எதற்காக அழுகிறான் என்பது தெளிவாகத் தொடங்குகிறது.

இளிவு: பிறர் முன் சிறுமைப்படுவது

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவன் எழுந்து நின்று பதில் சொல்கிறான். ஆங்கிலம் தடுமாறுகிறது. பின்வரிசையில் சிரிப்பு. பேராசிரியரும் ஒரு நக்கலை உதிர்க்கிறார். அதன் பிறகு அவன் சந்தேகம் கேட்பதே இல்லை. இன்னொரு மாணவியிடம் முதல் வாரமே ஒரு கேள்வி வருகிறது: "உன் கட் ஆஃப் எவ்வளவு?" கேட்பவருக்கு வேண்டியது மதிப்பெண் அல்ல, சாதி. அது அவளுக்கும் தெரியும்.

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுப் பிரிவில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. பெருமைப்பட வேண்டிய எண்தான். அந்த எண்ணுக்குள், தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் ஏராளம். வகுப்பறைக்குள் என்ன பேசுவது, எப்படி நிற்பது என்று சொல்லித்தர அண்ணனோ அக்காவோ அவர்களுக்கு இல்லை.

இளிவால் வந்த துயரத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது பாதி மருந்துதான். மீதி மருந்து ஆசிரியர் கையில் இருக்கிறது. தமிழில் கேட்கலாம் என்று முதல் நாளே அவர் அறிவித்தால் போதும். ஆங்கிலவழி வகுப்பானாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது.

இழவு: இழந்தவை

உரையாசிரியர்கள் உற்றாரை இழப்பதை மட்டுமல்ல, இன்பம் தந்தவற்றை இழப்பதையும் இதில் சேர்க்கிறார்கள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வருவதே ஓர் இழப்பு. பாட்டி இறந்த செய்தி செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகுதான் சொல்லப்பட்டது என்றால், அது இரட்டை இழப்பு.

பிறகு காதல். முறிந்த காதலை நம் சினிமா இரண்டே விதமாகத்தான் பழக்கியிருக்கிறது: ஒன்று, 'சூப் பாய்' என்று கேலி, இல்லையென்றால் கண்ணாடிக் குவளையோடு ஒரு பாட்டு. இரண்டிலும் துக்கத்துக்கு இடமில்லை. காதல் முறிவும் துக்கம்தான். அது கரையவும் காலம் வேண்டும். அந்த நாட்களில் செய்யக்கூடாதது, இரவு ஒரு மணிக்குப் பிரிந்துபோனவரின் ஸ்டேட்டஸைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஆறாத புண்ணைச் சொறிவதோடு, தூக்கத்தையும் அது தின்றுவிடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன வார்த்தைகூடப் பெரிதாகக் குத்தும்.

அசைவு: இருந்த நிலை சரிவது

நான்கில் இதுதான் கல்லூரிக்கென்றே செய்த சொல்போல இருக்கிறது. முன்பு இருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது அசைவு. பள்ளியில் முதல் மதிப்பெண்; ஊர் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் பேனரில் படம். கல்லூரிக்கு வந்தால் அதுபோல் பேனரில் சிரித்தவர்கள் அறுபது பேர் ஒரே வகுப்பில். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். "அரியர்" என்று வீட்டில் சொன்னால், அந்த பேனருக்குப் பணம் கொடுத்த மாமாவின் முகம் நினைவுக்கு வருகிறது.

இவனுக்கு "நீ நல்லா படிப்படா" என்று தைரியம் சொல்வது பாரத்தைத்தான் ஏற்றும். அரியர் என்பது மறுபடி எழுதக்கூடிய ஒரு தாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. அதைத் தன் வாயால் சொல்லும் சீனியர் ஒருவர், மூன்று அரியர் வைத்துப் பிறகு முடித்தவர், பத்து ஊக்கப் பேச்சாளர்களுக்குச் சமம்.

வறுமை: மனநலத் திட்டம் என்று யாரும் சொல்லாதவை

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நாளை. கையில் பணமில்லை. சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை. திங்கள் காலை லேப் ரெக்கார்டு முடிக்கவில்லை என்று திட்டு. இந்தப் பையனை 'கவனச் சிதறல்' என்று ஆலோசகரிடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்?

இங்கே மருந்து, கட்டணத்துக்கு ஒரு வாரத் தவணை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010-11இல் தொடங்கிய கட்டணச் சலுகை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) ஆகியவற்றை யாரும் மனநலத் திட்டம் என்று அழைப்பதில்லை. ஆனால் மாதக் கடைசியில் நிம்மதியாகத் தூங்க வைப்பது எதுவோ அதுவும் மனநலம்தான்.

பெயர் சொன்னால் என்ன ஆகும்?

"காரணம் தெரிந்துவிட்டால் வலி போய்விடுமா?" என்று கேட்கலாம். போகாது, பிடி தளரும். கலிபோர்னியாவின் மேத்யூ லீபர்மேன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சூட்டியபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் கல்லூரி மாணவர்களையே வைத்துச் செய்த சோதனை இன்னும் எளிமையானது. தம்மை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் 15 நிமிடம் எழுத வேண்டும். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்தது.

மாறாக, உள்ளுக்குள்ளேயே அமுக்கி வைப்பவர்களுக்கு என்ன ஆகிறது? ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜான் இருவரின் 2003ஆம் ஆண்டு ஆய்வுப்படி, அவர்கள் நல்ல உணர்ச்சிகளையும் குறைவாகவே அனுபவிக்கிறார்கள். தோள் கொடுக்கும் நட்பும் குறைகிறது. "ஆம்பளப் புள்ள அழக்கூடாது" என்று சொல்லி வளர்த்ததன் விலை இது.

ஆகவே, 'மூட் அவுட்' என்று வாயில் வந்தால் உடனே ஒரு கேள்வி போட்டுக்கொள்ளலாம்: அவமானமா, இழப்பா, சறுக்கலா, பணமா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதலாம். நெஞ்சு படபடக்கும்போது, உள்ளே இழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். அதன் பிறகு எழுதுவது இன்னும் எளிது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எழுதியும் பேசியும் தீராதவை உண்டு. சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, படிப்பு எல்லாவற்றையும் குலைத்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. வாழ்நாளில் வரும் மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்கிறது ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வு. கல்லூரிப் பருவம் அந்த வாசலில்தான் நிற்கிறது.

இங்கே ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல். "கவுன்சலிங் போகணும்" என்றால் பல பெற்றோருக்கு இன்ஜினீயரிங் சீட்டுக்கான கவுன்சலிங்தான் நினைவுக்கு வருகிறது. மாணவர்களுக்கோ அந்தச் சொல் தண்டனைபோல ஒலிக்கிறது; வகுப்பைக் கட் அடித்தவனை ஹெச்.ஓ.டி. அனுப்பி வைக்கும் இடம் அது. ஆலோசகர் அறை துறைத் தலைவர் அறைக்கு எதிரே இருந்தால், உள்ளே போகும் மாணவி யார் கண்ணில் பட்டோம் என்றுதான் முதலில் பார்ப்பாள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பற்றிய ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. அந்த உரிமை விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. மாணவர்களைப் பலர் முன் அவமானப்படுத்துவதைத் தவிர்க்கவும் அறிவுறுத்தியது. நம் இளிவு நீதிமன்றம் வரை போய்விட்டது.

பக்கத்துக் கட்டில்காரன்

வார்டனுக்கும் பேராசிரியருக்கும் முன்பே மாற்றத்தைப் பார்ப்பவன் அறை நண்பன். குளிக்காமல் கிடப்பது, பிடித்த பொருளை யாருக்கோ கொடுத்துவிடுவது, "நான் எல்லாருக்கும் பாரம்டா" என்று விளையாட்டுபோலச் சொல்வது, இவற்றைக் கேட்டும் 'ஃப்ரீயா விடு' என்று நகர்ந்துவிடக்கூடாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்திருப்பார்.

நண்பன் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, நேராகக் கேட்பது: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு, கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே வருகிறது. இரண்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாமல் இருப்பது. மூன்று, தனியே விடாமல் உடனிருந்து, பெரியவர் ஒருவரையோ மருத்துவரையோ சேர்த்துக்கொள்வது. "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகிடும்" என்ற பயமும் இன்று வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

மகள்கள் ஏன் வீட்டில் எதுவும் சொல்வதில்லை? சொன்னால் வரும் பதில் அவர்களுக்குத் தெரியும்: "படிச்சது போதும், கிளம்பி வந்துடு." அடுத்த மாதம் ஜாதகம் கைமாறும். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்ததை மறைப்பதும், தேர்வில் தவறியதை மறைப்பதும் இதனால்தான். "என்ன நடந்தாலும் உன் படிப்பு நிக்காது" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு வரும் போன் அழைப்பு ஒரு நிமிடத்தில் முடியாது.

'சாப்பிட்டியா' என்ற கேள்வியை நிறுத்த வேண்டாம். நம் ஊரில் அன்புக்கு அதுதான் மொழி. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சேர்த்தால் போதும்: "இன்னைக்கு யாராவது மனசு நோகப் பேசினாங்களா?" பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்பது போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மெய்ப்பாட்டியலுக்கே கடைசியாக ஒருமுறை போகலாம். அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் கல்வி இல்லை. அச்சத்தின் நான்கிலும் இல்லை. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்று பெருமிதம் பிறக்கும் இடங்களில்தான், அதுவும் முதலாவதாக, அது வைக்கப்பட்டிருக்கிறது. படிப்பால் ஒரு பிள்ளை தலைகுனிந்து நடக்கிறான் என்றால், பிழை அவனிடம் மட்டும் இருக்க முடியாது.

உதவி தேவைப்பட்டால்

டெலி மானஸ் ('நட்புடன் உங்களோடு' மனநல சேவை): 14416. இலவசம், 24 மணி நேரமும்.
தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்: 104.
சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை (1986 முதல்): 044-24640050.